ஏழாம் நம்பர் பஸ்ஸும் என் வீட்டுக்காரரின் நேர்மையும்

என் வீட்டுக்காரர் மைக்கேல்ராஜ் லஞ்சம் வாங்காதவர். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, புகாராகச் சொல்கிறேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு பஸ் காண்டிராக்டர் கேக் அனுப்பினார். அதைத் திருப்பி அனுப்பினார் இவர், சரி. ஆனால் அனுப்புவதற்கு முன்னால் அந்த டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து, மேசைமேல் வைத்துத் திறந்து, "பாத்துக்கோ மேரி, இதான் அவன் குடுத்தது, நான் தொடக்கூட இல்ல" என்று காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனார். மேலே முழு முந்திரியாகப் பதித்திருந்தது. அந்த முந்திரிக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் நாங்கள் இருவரும் ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் இருந்தோம். காருக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துத் தருகிற கம்பெனி. நான் மூன்றாவது லைனுக்கு லீடர். அவர் டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ். எந்த பஸ் எந்த வழியில் வர வேண்டும், எங்கே நிற்க வேண்டும், யார் எங்கே ஏற வேண்டும் என்பதெல்லாம் அவர் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் டெனிசன் என்பவர் இருந்தார். மாமனார் கொடுத்த இரண்டு மூட்டை பொன்னி அரிசிக்காக மாமனார் வீட்டு வாசலிலேயே ஒரு ஸ்டாப்பை வைத்து மாட்டிக்கொண்டார். அவரை ஸ்டோருக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரருக்குக் கனவில்கூட டெனிசன்தான் வந்தார்.

எங்கள் வீடு வடக்குப்பட்டில். ஏழாம் நம்பர் பஸ் காலை ஐந்தேகாலுக்கு எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். தாண்டித்தான் போகும், நிற்காது. ஒன்றேகால் கிலோமீட்டர் தள்ளி, மெயின் ரோட்டில், முனிரத்தினத்தின் டீக்கடையில்தான் நிற்கும். அந்த ஸ்டாப்பை வைத்த காலத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி முள்ளுக்காடு. பிறகு பக்கத்திலேயே நாலு மாடியில் பெண்கள் ஹாஸ்டல் வந்தது. சங்கரன்கோவில், சிவகிரி, கோவில்பட்டி என்று தெற்கேயிருந்து வந்த முப்பத்து நாலு பெண்கள், எல்லோரும் எங்கள் கம்பெனி. ஹாஸ்டல் வந்தது, ஸ்டாப் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

ஆக, தினமும் விடிவதற்கு முன்னால் நாங்கள் முப்பத்தைந்து பேரும் ஏரிக்கரை ரோட்டில் நடப்போம். விளக்கு கிடையாது. நாய்களுக்குக் குறைச்சல் கிடையாது. பாதி வழியில் பஸ் எங்களைக் காலியாகத் தாண்டிப் போகும். டிரைவர் அப்பாவு நல்ல மனுஷர், பாவம் பார்த்து ஒரு ஹாரன் மட்டும் அடிப்பார். "ஸ்டாப்பு இல்லாத எடத்துல ஏத்துனா என் வேலை பூடும்மா" என்பார். ஹாரன் சத்தம் கேட்டதும் முப்பத்தைந்து பேரும் ஓட ஆரம்பிப்போம்.

இதில் தினமும் கடைசியாக ஓடி வருகிறவள் தங்கமாரி. இருபது வயது. என் லைனில் அவளைப் போல வேகமாக டேப் சுற்றுகிறவள் யாரும் இல்லை. ஹாஸ்டலில் நாலு பாத்ரூம், "நீ போ, நீ போ" என்று எல்லோரையும் முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியில் குளிப்பாள். அதனால் இரண்டு தடவை பஸ்ஸை விட்டு, ஷேர் ஆட்டோவில் வந்து, இரண்டு லேட் மெமோ வாங்கிவிட்டாள். மூன்றாவது மெமோ வந்தால், வேலைக்கு ஆள் அனுப்புகிற காண்டிராக்டர் கேட் பாஸைப் பிடுங்கிக்கொள்வார். ஊருக்குப் போக வேண்டியதுதான்.

"ஊருக்குப் போனா திரும்ப பீடி சுத்தணும்க்கா. அந்தப் புகையில வாடைக்கே எனக்குக் கொமட்டும். இங்கன செத்தாலும் சாவேனே தவிர அங்க போமாட்டேன்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஸ்டாப்ப ஹாஸ்டல் வாசல்ல வெச்சா இன்னா?"

"ஹாஸ்டல் வாசலும் நம்ம வூட்டு வாசலும் ஒண்ணுதான மேரி. இன்சார்ஜ் பொண்டாட்டிக்கு வாசல்லயே பஸ்ஸுன்னு சொல்ல மாட்டாங்களா?"

"முப்பத்து நாலு பொண்ணுங்க ஏறுமே, அது யார் கண்ணுக்கும் தெரியாதா?"

"தெரியாது. நீ ஏறுறதுதான் தெரியும்."

மனு எழுதிக் கொடுத்தோம். முதல் கையெழுத்து என்னுடையது என்பதால் அது செல்லாது என்றார். என் கையெழுத்தை எடுத்துவிட்டு வேறு மனு கொடுத்தோம். எழுத்து என் எழுத்தாக இருக்கிறது என்றார். என் லைனில் வேலை செய்கிற சில்வியா எழுதி மூன்றாவது மனு போனது. சில்வியா என் சிநேகிதி என்றார். இப்படியே போனால் முப்பத்து நாலு பேரும் என்னோடு சண்டை போட்டுக்கொண்டால்தான் மனு செல்லும் போலிருந்தது. கம்பெனியிலோ, "மைக்கேல்ராஜ் சார் மாதிரி உண்டா? சொந்த சம்சாரத்தையே நடக்க வுடறார்" என்று ஒரே பாராட்டு. அதைக் கேட்கிறபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கேக்கில் இருந்த முந்திரி முழுவதையும் தின்ற மாதிரி ஒரு நிறைவு.

எனக்கு வந்ததே கோபம். நியாயத்தைச் சொன்னால் கேட்காத மனுஷருக்கு அநியாயத்தைத்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். நல்ல பேருக்காகத்தானே ஸ்டாப்பை நகர்த்த மறுக்கிறார்? அந்தப் பேரில் ஒரு சொட்டு மை தெளித்தால் தானாக நகர்த்துவார்.

ஹாஸ்டலில் சமைக்கிற சுந்தராம்பாளிடம் போனேன். அவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி, "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று சேர்த்துவிட்டால் போதும், மைக் வைக்க வேண்டாம். "ஸ்டாப் ஏன் டீக்கடையாண்டயே கீதுன்னு நெனைக்கிறீங்க? எங்க வூட்டுக்காரருக்கு அங்க டீ ஓசி. யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றேன். கர்த்தர் சாட்சியாக, இவர் தன் வாழ்நாளில் ஓசி டீ குடித்தவர் இல்லை. எனக்கு அப்போது உறுத்தவும் இல்லை, சிரிப்புதான் வந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு டீ பிரேக்கில் அந்தப் பேச்சு என்னிடமே வந்தது. டீயோடு இரண்டு வடையும் சேர்ந்திருந்தது. சாப்பாட்டு நேரத்தில், முனிரத்தினம் மாதாமாதம் சாரின் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்கிறானாம். ஷிப்ட் முடிகிற நேரத்தில் சில்வியா என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"மேரி, நான் சொன்னேன்னு சொல்லாத. முனிரத்தினம் மச்சினிச்சி புதுசா வந்து கடைல நிக்கிறாளாமே? சார் டெய்லி அங்க வண்டிய நிறுத்திப் பேசிக்கினு இருப்பாராம். ஸ்டாப்ப எடுக்காததுக்கு அதான் காரணமாம்."

நான் கிளப்பியதில் டீ மட்டும்தான் இருந்தது. மச்சினிச்சியை யார் சேர்த்தார்கள்? பொய் என் பொய்தான், நான் பெற்றதுதான், ஆனாலும் வயிறு எரிந்தது. ஒருவேளை உண்மையாக இருந்து, எனக்குத்தான் தெரியாமல் போய்விட்டதோ? போன மாதம் ஒரு நாள் தலைக்கு டை அடித்தாரே, எதற்கு? பஸ்ஸில் வரும்போது முழுக் கதையையும் நானே எழுதி முடித்துவிட்டேன். டீக்கடையில் இறங்கி, நேராக உள்ளே எட்டிப் பார்த்தேன். எழுபது வயது செல்லம்மாள், முனிரத்தினத்தின் அம்மா, வடை சுட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாமா வேணும்?" என்றார்.

"டீ" என்றேன். அந்த டீயைக் குடித்த பிறகுதான் மூச்சு வந்தது. என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

அன்று சாயந்திரம் அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தரையையே பார்த்தார். "இன்னா இப்டி சொல்லிட்டாங்க மேரி. ஓசி டீயாம். எனக்கு" என்றார். கண் கலங்கியிருந்தது. மச்சினிச்சி வரைக்கும் பேச்சு அவர் காதுக்குப் போகவில்லை, டீயே அவரை அடித்துவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் மருந்து வேலை செய்கிறதே என்று வாயை மூடிக்கொண்டேன்.

வேலை செய்தது, ஆனால் வேறு மாதிரி. மறுநாள் பைக்கை எடுத்துக்கொண்டு போய், டீக்கடைக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவில் மீட்டரைப் பார்த்துச் சரிபாதியை அளந்து, அங்கே ஸ்டாப் போர்டை நட்டுவிட்டு வந்தார். சரிபாதி எங்கே வந்தது தெரியுமா? ஏரி மதகு. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வேலிகாத்தான் முள்ளுப் புதர். வீடு இல்லை, விளக்கு இல்லை, ஒதுங்கி நிற்க இடமில்லை. நாய்கள் குடும்பத்தோடு இருக்கிற இடம்.

முனிரத்தினம் வியாபாரம் போச்சென்று வீட்டு வாசலில் வந்து கத்தினான். ஹாஸ்டல் பெண்கள் மாடியிலிருந்து முணுமுணுத்தார்கள். இவருக்கோ முகமெல்லாம் தெளிந்துவிட்டது. "ரெண்டு பக்கமும் திட்றாங்க மேரி. அப்போ நான் கரெக்டாதான் பண்ணிக்கிறேன்" என்றார். கையில் கரண்டி இருந்தது. அதை அவர்மேல் வீசாமல் அடுப்புப் பக்கம் வைத்ததற்கு என்னை யாரும் பாராட்டவில்லை.

முதல் நாள் அந்த மதகில் நாங்கள் நின்றோம். கும்மிருட்டு. டிரைவர் அப்பாவுக்குப் போர்டும் தெரியவில்லை, நாங்களும் தெரியவில்லை. பஸ் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. கத்திக்கொண்டே பின்னால் ஓடினோம். தங்கமாரி எல்லோருக்கும் முன்னால் ஓடினாள், மூன்றாவது மெமோ அவளைத் துரத்திற்று. ஜல்லியில் கால் இடறி அப்படியே விழுந்தாள். நூறு அடி தள்ளி அப்பாவு எங்கள் சத்தம் கேட்டு நிறுத்தினார். அவளைத் தூக்கி ஏற்றினோம். ஐந்து ஐம்பத்தெட்டுக்குக் கார்டு தேய்த்தாள். இரண்டு நிமிஷத்தில் தப்பித்தாள். முட்டி இரண்டிலும் ரத்தம் யூனிபார்மை நனைத்திருந்தது. பஞ்சை வைத்துக் கட்டிக்கொண்டு அன்று முழுவதும் டேப் சுற்றினாள். "ஒண்ணும் இல்லக்கா, தோலுதான் உரிஞ்சிருக்கு" என்றாள்.

சாயந்திரம் அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தேன்.

"அந்த ஓசி டீ பேச்சைக் கிளப்புனதே நான்தான்."

"நீயா?"

"நான்தான். டீ மட்டும். மத்ததெல்லாம் ஊரு சேத்துச்சு."

"ஏன் மேரி? நான் ஒரு டீ கூட..."

"தெரியும். ஆனா நீங்களும் லஞ்சம் வாங்குறவருதான். டெனிசன் அரிசி வாங்குனாரு, நீங்க நல்ல பேரு வாங்குறீங்க. அந்த அரிசிய அவங்க வூட்லயாவது பொங்கித் துன்னாங்க. உங்க நல்ல பேருக்கு அந்தப் பொண்ணு ரெண்டு முட்டியும் பேத்துக்கினு வந்து நிக்கிது. ஸ்டாப் எங்க இருக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சிக்கினே வேற எடத்துல வெச்சீங்க. அதுக்கு இன்னா பேரு?"

சொல்லி முடித்ததும் எனக்கே பயமாக இருந்தது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. பாதி கழற்றின செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "அந்தப் பொண்ணு இப்போ எங்க கீது?" என்றார்.

ஹாஸ்டலுக்குள் ஆண்கள் போகக் கூடாது. கேட்டுக்கு வெளியே நின்றோம். வாட்ச்மேன் போய்ச் சொல்ல, தங்கமாரி சுவரைப் பிடித்துப் பிடித்து மெதுவாக வந்தாள். இவரைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"சார், நான் லேட்டு இல்ல சார். அம்பத்தெட்டுக்கே தேய்ச்சுட்டேன் சார். ஸ்டாப்பு எங்க இருந்தாலும் நான் வந்துருதேன் சார். கேட் பாஸ மட்டும் எடுத்துராதீங்க சார்."

கேட் பாஸைப் பிடுங்கத்தான் இவர் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். ஆபீஸர் ஒருவர் அவளைத் தேடி வருவதற்கு வேறு காரணம் அவளுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் "இல்லம்மா, இல்லம்மா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். வீட்டுக்கு வரும் வரைக்கும் என் பக்கம் பார்க்கவே இல்லை.

வந்ததும் பேப்பரை எடுத்து எழுதினார். நானும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழாம் நம்பர் பஸ் இனி ஹாஸ்டல் வாசலில் நிற்கும் என்று முதல் வரி. எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. இரண்டாவது வரியைப் படித்தேன். 'மூன்றாவது லைன் செல்வமேரி மட்டும் பழையபடி டீக்கடை ஸ்டாப்பில் ஏறுவார்.'

"அது இன்னா நான் மட்டும்?"

"ஸ்டாப் நம்ம வாசல்ல வருது மேரி. நீயும் அங்கயே ஏறுனா எனக்குத் தூக்கம் வராது."

"வராட்டி போவுது!"

"அப்போ இத கிழிச்சிடவா?"

முட்டியில் கட்டுப் போட்ட பெண்ணை வைத்துக்கொண்டு எப்படிக் கிழிக்கச் சொல்வேன்? ஓசி டீயின் பாவமும் என் கணக்கில் பாக்கி இருந்தது. "கையெழுத்தப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, அன்று சமையலறையில் ஒரு பாத்திரத்தையும் மெதுவாக வைக்கவில்லை.

சர்க்குலர் நோட்டீஸ் போர்டுக்கு வந்தது. என் பெயரைப் படித்துவிட்டு லைனில் சிரிக்காத ஆள் இல்லை. பஸ் எங்கள் வாசலில் நின்று முப்பத்து நாலு பேரை ஏற்றிக்கொள்ளும். நான் முன்னாலேயே கிளம்பி ஒன்றேகால் கிலோமீட்டர் நடந்து டீக்கடையில் நிற்பேன். எனக்காக மட்டும் பஸ் அங்கே ஒரு தடவை நிற்கும். பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். மாட்டேன் என்றேன். நடக்கச் சொன்னவர் நான் நடப்பதைப் பார்க்கட்டும் என்று எனக்கு வீம்பு. அவரும் விடவில்லை. பத்தடி பின்னால் பைக்கை உருட்டுகிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு, எனக்கு வெளிச்சம் அடித்துக்கொண்டே வந்தார். நான் திரும்பியே பார்க்கவில்லை. முனிரத்தினம் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்து, எங்கள்மேல் இருந்த கோபத்தையே மறந்துவிட்டான்.

தங்கமாரிக்கு மூன்றாவது மெமோ வரவில்லை. நவம்பரில் அவளுக்கு ஆறு மாதத்துக்குப் புது கேட் பாஸ் வந்தது. போட்டோவில் பல் தெரியச் சிரித்திருந்தாள்.

அதே நவம்பரில்தான் அந்த மழை. ராத்திரியெல்லாம் கொட்டி, ஏரி நிரம்பி, மதகுப் பக்கம் ரோட்டின்மேல் தண்ணீர் ஓடிற்று. நான் குடையோடு வாசலில் நின்றேன். அவர் பைக்கை உதைத்து உதைத்துப் பார்த்தார், ஸ்டார்ட் ஆகவில்லை. கவரைப் போட்டு மூடினார். "கொஞ்சம் பொறு, நானும் நடந்து வரேன்" என்றார். அதற்குள் பஸ் வந்து வாசலில் நின்றுவிட்டது. பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். அப்பாவு கதவைச் சாத்தவில்லை.

"இன்னாமா பாத்துக்கினு நிக்கிற? ரோட்ல முட்டி வரைக்கும் தண்ணி ஓடுது. ஏறு" என்றார்.

உள்ளேயிருந்து தங்கமாரி, "ஏறுங்கக்கா, வெரசா ஏறுங்க" என்று கத்தினாள். முப்பத்து நாலு பேரும் ஜன்னலில் இருந்தார்கள்.

நான் ஏறவில்லை. அவரைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வேண்டாம் என்று அவர் தலையசைத்திருந்தால் நடந்திருப்பேன். அவர் என்னைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், ஜன்னலில் இருந்த முப்பத்து நாலு சாட்சிகளையும் பார்த்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, நன்றாக மூடியிருந்த பைக் கவரை மறுபடி இழுத்து இழுத்து மூட ஆரம்பித்தார். நான் ஏறி, பஸ் கிளம்பி, தெரு முனை திரும்புகிற வரைக்கும் மூடிக்கொண்டே இருந்தார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அந்த மனுஷர்மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததில்லை.

சாயந்திரம் மழை விட்டிருந்தது. சட்டையை மாற்றிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"காலைல எங்க ஏறுன?" என்றார். கேட்காமல் இருக்க அவரால் முடியாது.

"டீக்கடையாண்ட."

"தண்ணி இருந்துச்சா?"

"முட்டி வரைக்கும்."

"நல்லா நனைஞ்சிட்டியா?"

"தொப்பலா."

"அடடா" என்று எழுந்து போய்த் துண்டை எடுத்துவந்தார். காலையிலிருந்து ஒரு சொட்டுக்கூட விழாமல் காய்ந்து கிடந்த என் தலையை, மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் துவட்டினார்.